நின்றுபோனால் யாரிடம் போவது?

பண்ருட்டியிலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார்: “பெண் கடலூரில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கிறாள். அறுபதாயிரத்துக்கு லேப்டாப் வாங்கச் சொல்கிறார்கள், வாங்கலாமா? எல்லா புரோகிராமையும் ஏ.ஐ.யே எழுதிவிடுகிறது என்கிறார்களே, இந்தப் படிப்புக்கு இனிமேல் மதிப்பு உண்டா? என் அம்மா முந்திரி உடைக்கிறவர். அவருக்கு ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்துவிட்டால் ரேஷன், பென்ஷன், பேங்க் வேலையெல்லாம் சுலபமாகிவிடுமா?”

மூன்றையும் நான் ஒரே அளவுகோலில்தான் பார்ப்பேன். ஒரு பொருள் நன்றாக ஓடும்போது எப்படி இருக்கும் என்பதைக் கடைக்காரர் சொல்லிவிடுவார், விளம்பரமும் சொல்லிவிடும். அது நின்றுபோகிற அன்றைக்கு யாரிடம் போவது, அந்த ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார், அவரால் அதைத் திறந்து பார்க்க முடியுமா என்பதை மட்டும் நாமாகத்தான் விசாரிக்க வேண்டும். லேப்டாப்புக்கும் இதுதான், மென்பொருளுக்கும் இதுதான், அரசுத் திட்டத்துக்கும் இதுதான். நான் கடலூரில் மளிகைக் கடைகளுக்கும் ஐஸ் கம்பெனிகளுக்கும் பில்லிங் புரோகிராம் எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவன். ஒழுங்காக ஓடுகிற புரோகிராமுக்காக யாரும் எனக்கு போன் போட்டதில்லை. ஆகவே என் பார்வை அந்தப் பக்கமாகச் சாய்ந்துதான் இருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

லேப்டாப்பை முதலில் முடித்துவிடுவோம். அறுபதாயிரம் தேவையில்லை. வாங்குவதற்கு முன்னால் கல்லூரி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாகத் தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. உங்கள் பெண்ணின் வகுப்புக்கு அது வருமா என்பது அங்கேதான் தெரியும். வரும் என்றால் காத்திருங்கள். முதல் செமஸ்டருக்குக் கல்லூரி லேபே தாராளம். வட்டிக்கு வாங்கி லேப்டாப் எடுக்கிற குடும்பங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதில் பாதி அவசரம் மற்ற பிள்ளைகள் வைத்திருக்கிறார்களே என்பதால் வருவது.

வாங்கத்தான் வேண்டுமென்றால், கடையில் பிராசசர் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்வார்கள். நீங்கள் கேட்க வேண்டியது ராமைப் பற்றி, அதாவது வேலை நடக்கும்போது கணினி தகவலை வைத்துக்கொள்ளும் மெமரியைப் பற்றி: “ராம் தனி ஸ்லாட்டில் இருக்கா, போர்டிலேயே சால்டர் பண்ணியிருக்கா?” மெலிசான, எடை குறைந்த மாடல்களில் பெரும்பாலும் சால்டர் பண்ணி, கழற்ற முடியாதபடிதான் வருகிறது. இன்றைக்கு 8 ஜி.பி. போதும். மூன்றாம் வருடம் போன் ஆப் எழுதுவதற்கான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவைத் திறந்தால் அதே 8 ஜி.பி.க்கு மூச்சு வாங்கும். ஸ்லாட் இருந்தால் அன்றைக்கு இன்னொன்றைச் செருகிக்கொள்ளலாம்; இல்லாவிட்டால் லேப்டாப்பையே மாற்ற வேண்டியதுதான். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக்கிடக்கிறது. ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்கு வேண்டிய மெமரி பக்கம் சிப் கம்பெனிகள் உற்பத்தியைத் திருப்பிவிட்டதுதான் காரணம். எவனோ எங்கேயோ ஏ.ஐ.யிடம் கவிதை கேட்பதற்குக் கடலூர் மாணவி ராமில் காசு கொடுக்கிறாள். ஆப்பிள் கம்பெனி 2020 கடைசியில் தொடங்கிய எம் வரிசை மேக்புக் லேப்டாப்பில் வேகத்தையும் பேட்டரியையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ராம் எவ்வளவு என்பதை வாங்குகிற அன்றைக்கே தீர்மானித்துவிட வேண்டும். பிறகு கூட்ட வழியே கிடையாது.

என் சிபாரிசு, கம்பெனிகள் கழித்துவிட்ட திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வரிசை லேப்டாப்புகள். செகண்ட் ஹேண்ட் என்று முகம் சுளிக்க வேண்டாம். அலுவலகத்து ஐ.டி. ஆட்கள் திறந்து பழுது பார்க்க வேண்டும் என்பதை மனதில் வைத்துச் செய்த மாடல்கள் இவை. அடிப்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றினால் பேட்டரி, எஸ்.எஸ்.டி., ஃபேன் எல்லாம் தனித்தனியாகக் கையோடு வரும். எந்த ஸ்க்ரூவை முதலில் கழற்றுவது என்பதுவரை படம் போட்ட சர்வீஸ் மேனுவலைத் தயாரித்த கம்பெனியே இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது. இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே எடுக்காதீர்கள்; விண்டோஸ் 11 அதற்குக் கீழே முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அதையும் மீறி மலிவாக ஒன்று கிடைத்தாலோ, வீட்டில் பழையது தூங்கிக்கொண்டிருந்தாலோ விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பெண்ணுக்கு அது குறையே இல்லை, கூடுதல் படிப்பு. விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, புதுச்சேரியிலும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் இருக்கிறார்கள். லினக்ஸ் தெரிந்த ஆள் பஸ் ஏறிப் போகிற தூரத்தில்தான்.

நம் கடற்கரைக்கென்று ஒரு தனிச் சங்கதி உண்டு. தேவனாம்பட்டினம், முதுநகர் பக்கத்து வீடுகளிலிருந்து வரும் போன்களையும் லேப்டாப்புகளையும் சர்வீஸ் கடையில் கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். சார்ஜர் செருகும் முனையில் இருக்கிற செம்புக் கால்களில் பச்சையாகப் பூத்திருக்கும். தண்ணீரே படாத கருவியும் உப்புக் காற்றில் இப்படிப் பூக்கும். கடைக்காரர் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பிரஷ்ஷைத் தோய்த்துத் தேய்ப்பார், சூடான காற்று காட்டி ஈரத்தைப் போக்குவார், முனை அரித்துப்போயிருந்தால் அதை மட்டும் எடுத்துவிட்டு வேறு வைப்பார். சில நூறு ரூபாயில் உயிர் வந்துவிடும். இதே பூப்போடு கம்பெனி சென்டருக்குப் போனால், “லிக்விட் டேமேஜ், வாரண்டியில வராது, போர்டு மாத்தணும்” என்று சொல்லி, புதிது வாங்கினாலே தேவலை என்கிற மாதிரி ஒரு தொகையை எழுதிக் கொடுப்பார்கள். இரண்டு பேரும் பார்ப்பது ஒரே பச்சையைத்தான்.

இது யாரோ ஒரு சர்வீஸ் சென்டர் ஊழியரின் கெட்ட குணம் என்று நினைக்க வேண்டாம். சட்டம் எங்கே நிற்கிறது என்பதுதான் பிரச்சினை. பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு போட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஓர் இணையதளமும் திறந்தது. கம்பெனிகள் விரும்பினால் அதில் சேர்ந்து உதிரிபாகம், வாரண்டி விவரங்களைப் போடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விதியே வந்துவிட்டது: விற்பனையை நிறுத்திய பிறகும் ஸ்மார்ட்போனுக்கு முக்கிய உதிரிபாகங்களை 7 ஆண்டுகள் தர வேண்டும், இயங்குதள அப்டேட் குறைந்தது 5 ஆண்டுகள், 800 முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் பேட்டரியில் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்ச வேண்டும். அங்கே இதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வியாபாரம் பண்ணுகிற கம்பெனிகள்தான் இங்கேயும் கடை விரித்திருக்கின்றன. அங்கே முடிகிறது, இங்கே ஏன் முடியாது என்று நம் எம்.பி.க்கள் ஒருமுறையாவது உரக்கக் கேட்டால் தேவலை. ரிப்பேர் கடை வைத்துப் பிழைக்கிற இளைஞர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்! உதிரிபாகம் நேர்வழியில் கிடைத்தால் அது ஒரு தொழிலாக வளரும். இல்லாவிட்டால் சென்னை ரிச்சி தெருவில் போய் எதன் உடம்பிலிருந்தோ கழற்றிய பாகத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

பில்லைப் பத்திரமாக வையுங்கள். வாரண்டிக் காலத்தில் ஏமாற்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனியின் தலைமை அலுவலகம் பெங்களூரில் இருக்கிறது, டெல்லியில் இருக்கிறது என்று அலைய வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் இல்லை.

போனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிராண்டைப் பார்க்காதீர்கள். எத்தனை வருடம் செக்யூரிட்டி அப்டேட் வரும் என்று பாருங்கள், உங்கள் ஊர்க் கடையில் அந்த மாடலுக்கு டிஸ்ப்ளே கிடைக்குமா என்று கேளுங்கள், முடிந்தது. ஸ்மார்ட்வாட்ச் வேண்டாம்.

இனி படிப்பு. ஏ.ஐ. புரோகிராம் எழுதுகிறது என்பது உண்மைதான். நானும் தினமும் எழுத வைக்கிறேன். அது எங்கே நிற்கும் என்பதற்கு என் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் தருகிறேன்.

2025 செப்டம்பர் 22-ஆம் தேதி ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. நெய், வெண்ணெய்க்கு இருந்த 12 சதவீதம் 5 ஆனது. மஞ்சக்குப்பத்தில் ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் ஒரு ஓட்டல்காரருக்கு வரிக்கு முன் 1000 ரூபாய்க்கு நெய் போட்டார், பில் 1120. அக்டோபரில் ஓட்டல்காரர் வந்து, “ஆடிட்டர் கேக்கிறார், அந்த பில்லுக்கு இன்னொரு காப்பி குடுங்க” என்கிறார். எண்ணைத் தட்டி பிரின்ட் எடுத்தால் 1050 என்று வருகிறது! அதே பில் எண், அதே தேதி, வேறு தொகை. யாரும் எதையும் திருத்தவில்லை. வரி விகிதத்தைப் பொருள் பட்டியலில் மட்டும் வைத்துவிட்டு, பில் அச்சாகும் ஒவ்வொரு முறையும் அங்கிருந்து எடுத்துக் கணக்குப் போடுகிற மாதிரி எழுதியிருக்கிறார்கள். பட்டியலில் 5 என்று மாற்றியதும் பழைய பில்களெல்லாம் சேர்ந்து மாறிவிட்டன. விற்ற நிமிடத்தில் இருந்த விகிதத்தையும் விலையையும் பில்லின் ஒவ்வொரு வரியோடும் சேர்த்து எழுதி வைத்திருந்தால் இந்த வம்பே இல்லை. சரக்கு திரும்பி வந்தால் போடுகிற கிரெடிட் நோட்டும் பழைய விகிதத்தில்தான் போக வேண்டும்; அதற்கும் அந்த எண் எங்கேயாவது இருந்தாக வேண்டுமே.

மளிகைக் கடைக்கு பில்லிங் புரோகிராம் எழுது என்று ஏ.ஐ.யிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் எழுதித் தரும், திரையும் பளிச்சென்று இருக்கும். விகிதம் நாளைக்கு மாறலாம், பழைய பில் மாறக்கூடாது என்று நீங்கள் சொல்லாவிட்டால் அது இதே தப்பைப் பண்ண நிறையவே வாய்ப்பு உண்டு. சொன்னால் உடனே திருத்தித் தரும். அப்படிச் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் இனிமேல் சம்பளம். சொல்லத் தெரிய வேண்டுமானால் டேட்டாபேஸ் எப்படி வேலை செய்கிறது என்பதும் தெரிய வேண்டும், மளிகைக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றும் பார்த்திருக்க வேண்டும். கல்லூரியில் முதலாவதைச் சொல்லித் தருவார்கள். இரண்டாவதற்கு உங்கள் பெண் லீவில் ஏதாவது கடைக்குக் கணக்கு எழுதப் போகலாம். கிண்டலுக்குச் சொல்லவில்லை.

ஏ.ஐ. வேகத்தைப் பற்றி ஒரு சேதி. மீட்டர் (METR) என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு 2025-இல் அனுபவமுள்ள 16 புரோகிராமர்களை வைத்துச் சோதித்தது. தங்களுக்குப் பழகிய பெரிய மென்பொருள் திட்டங்களில் 246 வேலைகள், சிலதை ஏ.ஐ. துணையோடு, சிலதை இல்லாமல் செய்தார்கள். ஏ.ஐ.யால் 20 சதவீதம் வேகமாக முடித்தோம் என்று அவர்களே நம்பினார்கள். கடிகாரத்தைப் பார்த்தால் 19 சதவீதம் தாமதம். சிறிய சோதனைதான்; கருவிகள் அதற்குப் பிறகு வளர்ந்துவிட்டன; புதிதாகப் படிக்கிறவருக்கு இதே எண் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நம்பிக்கைக்கும் கடிகாரத்துக்கும் நடுவே இருந்த தூரம் எனக்கு அந்த எண்களைவிட சுவாரசியமாகப் படுகிறது. வேலை ஓடுகிற மாதிரி ஓர் உணர்வை ஏ.ஐ. நன்றாகவே உண்டாக்குகிறது.

இன்னொன்று, 2024 மார்ச் கடைசியில் நடந்தது. ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் தன் லினக்ஸ் கணினியில் எஸ்.எஸ்.எச். (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) லாகின் ஆவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை விநாடிதானே என்று அவர் விடவில்லை. நோண்டிக்கொண்டே போனதில், எக்ஸ்.இசட். என்ற ஃபைல் சுருக்கும் நூலகத்தில் யாரோ இரண்டு வருடத்துக்கு மேலாக நல்லபிள்ளையாக நடித்து நம்பிக்கை சம்பாதித்து, ஒரு கள்ளக்கதவை வைத்திருந்தது அம்பலமானது. உலகத்து சர்வர்களில் பரவுவதற்கு முன் பிடிபட்டது. இது என்ன மொழி தெரிந்ததால் வந்த திறமை என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. ஏன் இப்படி ஆகிறது என்று தெரியாமல் தூக்கம் வராத குணம் அது. உங்கள் பெண்ணிடம் அது இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் ஏ.ஐ.யைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

மொழி எது என்றால், பைத்தானில் தொடங்கட்டும், கூடவே டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்.க்யூ.எல். படிக்கட்டும். எட்கர் காட் என்ற கணினி ஆய்வாளர் 1970-இல் எழுதிய கட்டுரையிலிருந்து கிளைத்து வந்தது இந்த எஸ்.க்யூ.எல். அதற்குப் பிறகு வந்த எத்தனையோ மோஸ்தர்கள் போன இடம் தெரியவில்லை, இது மட்டும் பேங்கிலும் ஆஸ்பத்திரியிலும் உட்கார்ந்திருக்கிறது. மாதத்துக்கு ஒரு புது ஃப்ரேம்வொர்க் பெயரைச் சொல்லி மிரட்டுகிறவர்களைக் கண்டுகொள்ள வேண்டாம்.

வீட்டிலேயே உட்கார்ந்து செய்து பார்க்க ஒரு பயிற்சி சொல்கிறேன். பைத்தானில் ‘கடலூர்’ என்று கொடுத்து அதன் நீளத்தைக் கேட்கச் சொல்லுங்கள். நமக்கு நான்கு எழுத்து: க, ட, லூ, ர். பைத்தான் 6 என்று சொல்லும். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் ஊகாரக் குறிக்குத் தனி எண், புள்ளிக்குத் தனி எண் என்பதால் அப்படி. இப்போது அதையே தலைகீழாகத் திருப்பச் சொல்லுங்கள். ல-வோடு இருந்த ஊகாரம் ர-வோடு ஒட்டிக்கொண்டு ‘ரூலடக’ என்று வரும். அதற்கு முன்னால் உட்கார இடமில்லாமல் ஒரு புள்ளி அநாதையாக நிற்கும். வேடிக்கை மாதிரி இருக்கும். ஆனால் அரசு விண்ணப்பத்தில் தமிழ்ப் பெயர் பாதியில் வெட்டுப்படுவதும் இந்தக் குடும்பத்துப் பிழைதான். அந்த எண்களைச் சேமிக்கும் யூ.டி.எஃப்.-8 முறையில் தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் இடம் வேண்டும். பெயருக்கு 30 பைட் இடம் ஒதுக்கினால் ஆங்கிலத்தில் 30 எழுத்து எழுதலாம், தமிழில் 10 குறிதான். ‘புதுச்சேரி’ என்ற ஒரு சொல்லிலேயே அந்தப் பத்தும் தீர்ந்துவிடும். எஸ்.எம்.எஸ். ஒன்றில் ஆங்கிலத்தில் 160 எழுத்து போகும், தமிழில் 70 தான் போகும் என்பதும் இதே ரகம். இதை எழுதுகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் சோதித்துப் பார்த்த பெயர்களில் நம் பெயர் இல்லை, அவ்வளவே.

நம் பெயர் இல்லாததால் வரும் தொல்லை அத்தோடு நிற்கவில்லை. படிவத்தில் ‘லாஸ்ட் நேம்’ என்று ஒரு பெட்டி, அதைக் காலியாக விடவும் முடியாது. நமக்கு இருப்பது இனிஷியல். ஆதாரில் இனிஷியலோடு பெயர், பான் கார்டுக்கு இனிஷியல் ஆகாது, அப்பா பெயரை முழுதாக எழுத வேண்டும், பி.எஃப். கணக்கில் ஹெச்.ஆர். தனக்குத் தோன்றியபடி எழுதியிருப்பார். மூன்றும் மூன்று ஆட்கள் என்று கணினி நினைத்துக்கொள்கிறது. புதுச்சேரியில் சில குடும்பங்களுக்கு மட்டும் இந்தக் கஷ்டம் இல்லை. 1881-இல் வந்த பிரெஞ்சு ஆணைப்படி தங்கள் தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் போனவர்கள் ஒரு குடும்பப் பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை லாபோர்த் ஆனது அப்போதுதான். அவர்கள் வாரிசுகளுக்கு அந்தப் பெட்டியில் எழுத ஒன்று இருக்கிறது! மற்றவர்கள் என்ன செய்வது? உங்கள் பெண்ணின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ, அதற்குத் தோதாக ஆதாரையும் பேங்க் கணக்கையும் இப்போதே சரிபண்ணிவிடுங்கள். முதல் வேலையில் சேர்ந்த பிறகு இதற்காக லீவு போட்டு அலைவதைவிட இது மேல்.

கடைசியாக, நீங்கள் கேட்டதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது, உங்கள் அம்மா விஷயம்.

முந்திரி உடைக்கிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். பண்ருட்டிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முந்திரித் தோட்டில் இருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். சாம்பல் பூசிக்கொண்டு உடைத்தாலும் விரல் நுனி கறுத்து, உரிந்து, ரேகை மழுங்கிப்போகும். அந்த விரலைத்தான் ரேஷன் கடையில் மெஷினில் வைக்கச் சொல்கிறோம். சிவப்பு விளக்கு எரிந்தால் அம்மாவின் மேல் தப்பில்லை, மெஷின் மேலும் தப்பில்லை. வேலை செய்து தேய்ந்த கையை யாரும் கணக்கில் எடுக்காமல் திட்டம் போட்டதுதான் தப்பு. ஸ்மார்ட்போன் இதைத் தீர்க்காது. கையெழுத்துக்குப் பதில் கைரேகை வந்தது, கைரேகைக்குப் பதில் ஓ.டி.பி. வருகிறது, அந்த ஓ.டி.பி.யை யாரோ ஒருவர் ‘பேங்கிலிருந்து பேசறோம்மா’ என்று கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

பணம் போகிற வழியையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2015 செப்டம்பரில் ரேஷன் பொருளுக்குப் பதிலாகப் பணத்தையே கணக்கில் போடும் சோதனைக்கு நாட்டில் முதலில் எடுத்துக்கொண்ட இடங்களில் புதுச்சேரியும் ஒன்று, சண்டிகர் இன்னொன்று. இப்போது பல உதவித்தொகைகள் ஆதார் எண்ணை வைத்தே அனுப்பப்படுகின்றன. ஓர் ஆதாருக்கு எத்தனை பேங்க் கணக்கு இருந்தாலும், கடைசியாக எந்த பேங்கில் அதை மானியத்துக்கென்று இணைத்தோமோ அங்கேதான் பணம் விழும். ஒருமுறை யாரோ முகாம் போட்டு ‘இலவசக் கணக்கு’ என்று விரலை வைக்கச் சொல்லியிருப்பார்கள். அன்றிலிருந்து பணம் அங்கே போகும். பழைய பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு அம்மா மாதாமாதம் பேங்குக்கு நடப்பார். கணினியைக் கேட்டால் ‘அனுப்பியாச்சு’. அதுவும் உண்மைதான்! ஆதாரின் இணையதளத்தில் அம்மாவின் எண்ணைக் கொடுத்து, பதிவான கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யைப் போட்டால் எந்த பேங்கோடு இணைந்திருக்கிறது என்று காட்டும். இதை முதலில் பாருங்கள்.

தொழில்நுட்பமே ஏழைகளுக்கு ஆகாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் கரையிலேயே அதற்கு நேர்மாறான ஒரு சாட்சி இருக்கிறது. 1998 முதல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்கள் நடத்தியது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை வில்லியனூரில் இறக்குவார்கள். அது வீராம்பட்டினம் போன்ற மீனவக் கிராமங்களுக்குப் போகும். அங்கே ஒலிபெருக்கியில் தமிழில் சொல்லுவார்கள். கடலுக்குப் போகிறவர் கணினியைத் தொட வேண்டியதே இல்லை. 2004 டிசம்பர் 26 காலையில் நல்லவாடு கிராமத்துக்கு சிங்கப்பூரிலிருந்த ஊர்ப் பையன் ஒருவர் போன் பண்ணி, அங்கே டி.வி.யில் பார்த்த சுனாமிச் செய்தியைச் சொல்லி எச்சரித்தார். ஊரார் தகவல் மையத்தைத் திறந்து அதே ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வீடுகள் போயின, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள் தப்பினார்கள். செயற்கைக்கோள் தகவலும் இன்டர்நெட்டும் எவ்வளவு பெரிசாக இருந்தாலும் கடைசி முழம் ஒலிபெருக்கி. அது எல்லாருக்கும் தெரிந்த இடத்தில், எல்லாரும் கை வைக்கக்கூடிய பொருளாக இருந்தது. இன்றைக்கு எல்லாவற்றையும் ஆளுக்கொரு போனுக்குள் போட்டு, பாஸ்வேர்டு வைத்துப் பூட்டிவிட்டு, அதை முன்னேற்றம் என்கிறோம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்துவிட்டுப் போன பிறகு உங்கள் பக்கத்துக் கிராமங்களில் எத்தனை நாள் கரண்ட் இல்லை என்று உங்களுக்கே நினைவிருக்கும். அன்றைக்குக் கையில் இருந்த ரொக்கம்தான் பேசியது.

ஆகவே அம்மாவுக்கு என்ன செய்யலாம் என்றால்: பட்டன் போன் போதும். ஆதாரோடும் பேங்க்கோடும் அந்த எண்ணே இருக்கட்டும், உங்கள் எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் வெளியூர் போன நாளில் ஓ.டி.பி. உங்களிடம் வந்து நிற்கும். அவர் வாங்குகிற சாமான்களுக்கு நீங்கள் யு.பி.ஐ. அனுப்புகிறவர் என்றால் அது அப்படியே தொடரட்டும். பின்னால் அவரே ஸ்மார்ட்போன் கேட்டால் வாங்கிக் கொடுங்கள், அப்போது 2024-இல் வந்த யு.பி.ஐ. சர்க்கிள் வசதியில் உங்கள் கணக்கிலிருந்து மாதம் இவ்வளவு என்று வரம்பு வைத்துக் கொடுக்கலாம். அவர் கணக்கைத் திறந்துவிட வேண்டியதில்லை. யார் போன் பண்ணி எண் கேட்டாலும், “எம்புள்ளகிட்ட கேட்டுச் சொல்றேன்” என்று வைத்துவிடச் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் 1930-க்கு உடனே அடிக்க வேண்டும். முதல் மணி நேரத்தில் சொன்னால்தான் போகிற வழியில் மடக்க முடியும். வயதானவர்களுக்கு ரேஷனை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது, அம்மாவுக்கு அது வருமா என்று கடையில் கேளுங்கள்.

கைரேகை விழவில்லை என்றால் கட்டை விரலையே திரும்பத் திரும்ப வைக்காமல் மோதிர விரலையும் சுண்டு விரலையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆதாரில் பத்து விரலும் பதிவாகியிருக்கும், முந்திரி உடைக்கையில் எல்லா விரலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. கருவிழி மெஷின் இருக்கும் கடையானால் அதைக் கேட்டு வாங்குங்கள். ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிக்க 125 ரூபாய். போவதற்கு முன்னால் இரண்டு வாரமாவது அம்மாவை முந்திரிப் பக்கம் போக விடாமல், ராத்திரியில் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, போகிற அன்று காலை சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக் கூட்டிக்கொண்டு போங்கள்.